வௌவால் பங்கரில் தொண்ணூறாம் ஆண்டு மாரி

சீனக்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால்,
வீரை மரங்கள் மூடிய மேட்டுக்கடியில்
வெள்ளைக்காரன் குண்டு அடுக்கக் கட்டிய அறை,
இப்போது வௌவால்களின் பெயரில் இருக்கிறது.
எண்பது வருடமாகக் கூரைச் சீமெந்து
மழைக்குத் தன்னைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொடுத்து
தரையில் ஒரு வெள்ளை முளையாக எழுந்து நிற்கிறது.
உயரம்: என் கணுக்காலுக்குச் சற்று மேலே.

பெரிய குகை வாய்த்தவர்கள்
இதே கல்லில் பத்தாயிரம் வருடம் வாசிப்பார்கள்.
எந்த அரசன் நாளில் வானம் பொய்த்தது,
எந்தக் குளம் எந்தப் பயத்தில் வெட்டப்பட்டது.
எனக்கு வாய்த்தது சீமெந்து.
குறையில்லை. அவசரக் கல் அது,
ஒரு மனித ஆயுளுக்குள் பேசி முடித்துவிடும்.

றிஸ்மியா டோர்ச் பிடித்தாள். வைர வாளால் அறுத்தேன்.

மாரிக்குத் தடித்த வெண்கோடு.
கச்சான் அடிக்கும் மாதங்களுக்கு மெல்லிய மண்ணிறக் கோடு,
இடைக்கிடை வௌவால் எச்சம்.
ஐம்பத்தேழு வெள்ளம் இரண்டு மில்லிமீற்றர்.
எழுபத்தெட்டுச் சூறாவளி அதற்குக் கொஞ்சம் குறைவு.
தம்பலகாமத்து விவசாயக் கந்தோரின் மழைப் பதிவேட்டோடு
வருடத்துக்கு வருடம் ஒத்துப்போனது,
1990 ஆனி வரைக்கும்.

ஆனி பன்னிரண்டு: 0.0.
வைரவப்பிள்ளையின் நீல மை அதோடு நிற்கிறது.
பிறகு கோடுபோட்ட வெறும் தாள்கள்.
தொண்ணூற்று நாலு தையில் வேறொரு கையெழுத்து,
வேறொரு மழைமானி.

நடுவில் நான்கு மாரி.
கல்லில் மூன்றுதான் இருந்தன.
நான் மூன்று முறை எண்ணினேன். றிஸ்மியா ஐந்து முறை.
எண்பத்தொன்பதின் வெண்கோட்டுக்கு மேலே
மயிரளவு கறுப்பு, உடனே தொண்ணூற்றொன்று.

மாரி பிழைத்த வருடம் என்று எழுதியிருப்பேன்.
றிஸ்மியா கிண்ணியாவுக்குப் போன் போட்டாள்.
"உம்மா, தொண்ணூறுல மழை பெய்ததா?"
"பெய்யாமலா? ஒன்னப் பெத்த அன்டைக்குத்
தறப்பாளுக்குள்ள முழங்கால் தண்ணி."

கல்லுக்கு எதிராக ஒரு தாயின் சாட்சி.

கறுப்பை அமிலத்தில் கரைத்தோம். சிரட்டைக் கரி.
மறுபடி பங்கருக்குப் போனோம்.
முளையைச் சுற்றி மூன்று கற்கள்,
அரைவாசி சுண்ணாம்பில் ஒட்டியவை.
முதல் நாளே பார்த்தவைதான்,
அடுப்பென்று படம் எடுத்துவிட்டு நகர்ந்திருந்தோம்.
ஆனால் கரி கிடந்தது அப்பால், மூலையில்.
இந்தக் கற்களின் தலையில் இருந்தது துரு,
பால்மா ரின் ஒன்றின் அடிவட்டம் அளவுக்கு.

யாரோ துளியை இடைமறித்திருக்கிறார்கள்.

அது நல்ல தண்ணீர் இல்லை.
சீமெந்தைத் தின்றுவிட்டு வருவது, நாக்கை அரிக்கும்.
வெளியே வானம் கொட்டிக்கொண்டிருந்தது.
வாசலுக்கு ஒரு சட்டியை நகர்த்தியிருந்தால்
நிமிடத்தில் நிறைந்திருக்கும்.
நகர்த்தவில்லை.
ஹெலியின் சத்தம் எந்தக் கல்லிலும் படிவதில்லை.

இல்லாத கோட்டைத் தண்ணீராகத் திருப்பிக் கணக்கிட்டேன்:
நாளுக்கு ஒன்றே கால் லீற்றர்.
ஒருவருக்கே காணாது.
அடுத்த எண்ணால் வகுத்துப் பார்க்காமல்
கல்குலேட்டரை மூடிவைத்தேன்.

தரவு இல்லாத இடத்தில் -99.9 போடுவது எங்கள் வழக்கம்.
0.0 போட்டால் அது வரட்சியாகிவிடும்.
றிஸ்மியா கட்டத்தை வெறுமையாக விட்டு
அடிக்குறிப்பில் எழுதினாள்:
மழை பெய்தது. குடிக்கப்பட்டது.

ஆய்விதழிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்:
யாரால்? ஆதாரம் தருக.

மூன்று கற்களின் படத்தை இணைத்தோம்.